பழைய பைக் சைலன்சரை ஒட்ட நல்ல வெல்டரைப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சைலன்சரில் ஓட்டை விழுந்ததும் வண்டியை நேரே பக்கத்து கிரில் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே இருப்பவர் தன் வேலையில் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் கை பழகியது 3 மி.மீ. பட்டையிலும் 5 மி.மீ. ஆங்கிளிலும். உங்கள் குழாயின் சுவர் 1.2 மி.மீ., மிஞ்சினால் 1.6 மி.மீ. ராடு தொட்டதும் குண்டூசி ஓட்டை விரல் நுழையும் ஓட்டையாகிவிடும். அதை மூட இன்னும் ராடு, இன்னும் சூடு, கடைசியில் ஒரு கட்டி.

வெல்டரைத் தேடுவது இந்த வேலையின் முதல் படி அல்ல. ஓட்டை ஏன் வந்தது, குழாய் என்ன உலோகம், எவ்வளவு தடிமன் என்று தெரிந்த பிறகுதான் யாரைத் தேடுவது என்பதே தெரியும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கசிவு எங்கே என்று முதலில் உறுதி செய்யுங்கள்

“சைலன்சர் ஓட்டை” என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு வெல்டிங்கே தேவைப்படாது. இன்ஜின் ஹெட்டில் குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் (கசிவை அடைக்கும் வளையம்) போயிருக்கும், அல்லது நட்டு தளர்ந்திருக்கும். சத்தம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே கேட்கும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறையோடு ஒரு கனமான துணியை வால் முனையில் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். புகை வேறெங்கே பீறுகிறதோ அதுதான் கசிவு. சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் சின்ன விரிசலிலும் குமிழி கிளம்பும். வீடு, ஷெட் போன்ற மூடிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கசியும் இடத்தைச் சுற்றிக் கருப்புக் கரி படிந்திருக்கும். கரி ஹெட் ஓரத்தில் இருந்தால் முதலில் கேஸ்கெட்டை மாற்றிப் பாருங்கள். ஜாவா, யெஸ்டியில் துடுப்பு வைத்த வளைய நட்டு இருக்கும். அதைத் திருப்பக் கொக்கி ஸ்பேனர்தான் வேண்டும். உளி வைத்துத் தட்டினால் துடுப்பு உடையும், ஹெட்டின் மரையும் போகும். அப்புறம் அது வெல்டர் வேலையில்லை, லேத் வேலை.

2. ஓட்டைக்குக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

புல்லட் போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வரும். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய்வரும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடாவதில்லை, அந்த நீர் சைலன்சரின் தாழ்ந்த பகுதியில் தேங்கிவிடும். வெளியே பொட்டு அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடு மெலிந்திருக்கும். ஜாவா, ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக்கில் உள்ளே எண்ணெய் படிந்திருப்பதால் துரு வெளியிலிருந்துதான் அதிகம் வரும்.

விரிசல் கதை வேறு. பிராக்கெட் ஓரத்தில், வெல்டிங் தையலை ஒட்டி, முடி போல ஓடியிருந்தால் காரணம் அதிர்வு. ரப்பர் புஷ் செத்திருக்கும், இன்ஜின் மவுண்ட் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது குழாயை நெம்பி இழுத்து மாட்டியிருப்பார்கள். காரணத்தைச் சரி செய்யாமல் உலகத்திலேயே நல்ல வெல்டரிடம் கொடுத்தாலும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

ஒரு குத்தூசியை எடுத்து ஓட்டையைச் சுற்றி விரல் அகல இடைவெளியில் அழுத்திப் பாருங்கள். எங்கே உள்வாங்குகிறதோ அதுவரைக்கும் தகடு செத்துவிட்டது என்று மார்க்கரால் வட்டம் போடுங்கள். பட்டறையில் பேசும்போது இந்த வட்டம்தான் பேச்சு, நீங்கள் கண்ணால் பார்த்த ஓட்டை அல்ல.

3. ஒட்டுவதா, மாற்றுவதா

புல்லட் 350 பெண்ட் பைப் (ஹெட்டிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்), ஆர்எக்ஸ் 100 சைலன்சர் இரண்டும் புதிதாகவே கடையில் கிடைக்கும். சாதாரண ஓட்டத்துக்கு வைத்திருக்கும் வண்டி, குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தகடு செத்துவிட்டது என்றால் புதிது வாங்குவதே மலிவு. ஒட்டியதற்குக் கூலி, பஃபிங், குரோம் என்று கூட்டிப் பார்த்தால் தெரியும்.

ஒட்டியே ஆகவேண்டிய வண்டிகளும் உண்டு. ராஜ்தூத் 350, என்ஃபீல்டு ஃப்யூரி, ராஜ்தூத் ஜிடிஎஸ், பழைய ஜாவா 250, பிஎஸ்ஏ, நார்ட்டன் போன்றவற்றுக்கு அசல் குழாய் கிடைப்பது கஷ்டம். நகல் கிடைத்தாலும் தகடு மெலிசாக இருக்கும், வளைவும் சரியாக உட்காராது. இவற்றுக்கு அசலில் பாதி மிஞ்சியிருந்தாலும் காப்பாற்றப் பாருங்கள்.

ராஜ்தூத் 350 போன்ற இரட்டை சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக்கில் இடது, வலது இரண்டு குழாயும் நீளத்திலும் கொள்ளளவிலும் ஒத்திருக்க வேண்டும். அங்கே குழாய் என்பது புகை வெளியேறும் வழி மட்டுமல்ல. அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, புதுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ளுவதும் அதுதான். நீளம் குறைந்தால் அலை சீக்கிரம் திரும்பும், பவர் வரும் ஆர்பிஎம் மேலே போய்விடும். “ஓட்டை இருக்கிற துண்டை வெட்டிவிட்டுச் சேர்த்துடலாம்” என்று யாராவது சொன்னால் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

4. கழற்றுவதற்கு முன் அளவும் குறியும்

கழற்றிய பின் எந்தக் கோணத்தில் இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. முதலில் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்க, இரண்டு பக்கமும், மேலிருந்தும், பின்னாலிருந்தும் படம் எடுங்கள். குழாய்க்கும் கால் வைக்கும் கம்பிக்கும், கிக்கருக்கும், ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள்.

குழாயும் சைலன்சரும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே நேர்கோடாகக் கீறல் போடுங்கள். மார்க்கர் கோடு சுத்தம் செய்யும்போது அழிந்துவிடும், கீறல் அழியாது. பிராக்கெட் வெட்டி மாற்றப்படும் என்றால் அட்டையை வெட்டி அதன் வடிவத்தையும் போல்ட் ஓட்டையின் இடத்தையும் எடுத்து வையுங்கள்.

துருவேறிய கிளாம்ப், நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். இறுகிய சைலன்சரைச் சுத்தியால் அடிக்காதீர்கள். மரக்கட்டை வைத்து, இடமும் வலமுமாகத் திருகி இழுத்தால் வரும். கிளாம்ப் உடைந்தால் வேறு வாங்கலாம், நசுங்கிய குழாய் முனையை மறுபடி வட்டமாக்குவது பெரிய பாடு.

5. சுத்தம்: இதை வெல்டர் தலையில் கட்டாதீர்கள்

அழுக்குக் குழாயோடு போனால் நல்ல வெல்டர் திருப்பி அனுப்புவார், மற்றவர் அப்படியே ஒட்டுவார். இரண்டாமவரிடம் மாட்டிக்கொள்வதைத் தவிர்க்கவே இந்தப் படி.

எண்ணெயும் கார்பனும் ஒட்டும் இடத்தில் உருகி நிற்கும் உலோகத்தில் கலந்தால் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் விழும். அதைவிட முக்கியம், இரண்டு ஸ்ட்ரோக் சைலன்சருக்குள் எண்ணெயும் பெட்ரோல் ஆவியும் இருந்தால் தீப்பற்றும், சில சமயம் வெடிக்கும். பேஃபிளை, அதாவது சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் பாகத்தை, கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். கண்ணாடிப் பஞ்சு சுற்றியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், எண்ணெயை முழுதும் குடித்து வைத்திருப்பது அதுதான்.

இரும்புக் குழாய்க்குக் காஸ்டிக் சோடா போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கீழ் முனையை அடைத்து உள்ளே ஊற்றி, மேல் முனையைத் திறந்தே வைத்து இரவு முழுதும் விடுங்கள். மறுநாள் ஊற்றிவிட்டு மூன்று நான்கு முறை தண்ணீர் விட்டு அலசி வெயிலில் காய வையுங்கள். வெளியே வழிந்தால் உடனே கழுவுங்கள், பெயின்ட் உரிந்துவிடும். அலுமினியம் பாகம் எதுவும் இதில் படக்கூடாது. அரித்துவிடும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

நெருப்பில் போட்டு கார்பனை எரித்துவிடலாம் என்பது பழைய வழக்கம். குரோம் நீலமாகி உரிந்துபோகும், மெலிந்த தகடு கோணிவிடும். வேண்டாம்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துவிட்டு ஆர்கான் வெல்டிங் செய்யவே கூடாது. ஆர்க்கின் வெளிச்சமும் சூடும் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். டப்பாவில் குளோரின் சேர்மம் எதுவும் எழுதியிருந்தால் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் முழுதும் ஆவியான பிறகுதான் தீ.

எம்-சீல், சிலிகான், வெள்ளி பெயின்ட் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். முன்பு யாராவது பித்தளை வைத்து ஒட்டியிருந்தால் மஞ்சளாகத் தெரியும். அதை மறைக்காமல் வெல்டரிடம் காட்டுங்கள். பித்தளையில் உள்ள துத்தநாகம் கொதித்து ஆவியாகும், செம்பு இரும்புக்குள் இறங்கி விரிசல் விடும். அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

6. எந்த வெல்டிங் வேண்டும்

முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று இருந்தாலும் காந்தம் கெட்டியாக ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பாக இருக்கும். ஒட்டவே இல்லை என்றால் 304 வகை ஸ்டெயின்லெஸ். பிற்காலத்தில் மாட்டிய குழாய்களில் அது உண்டு. லேசாக ஒட்டினால் வேறு ரக ஸ்டெயின்லெஸ் ஆகவும் இருக்கலாம், வெல்டரிடம் கேளுங்கள். பிறகு முனையில் வெர்னியர் வைத்துத் தடிமன் பாருங்கள். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ. 0.8 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த இடத்தில் ஒட்டச் சொல்லாதீர்கள், வெட்டி மாற்றச் சொல்லுங்கள்.

ஆர்கான் வெல்டிங், அதாவது டிக், வெளியே தெரியும் குழாய்க்கு இதுதான். சூட்டைக் கால் மிதியால் அல்லது பட்டனால் கூட்டிக் குறைக்கலாம், தையல் மெலிசாக வரும், பஃபிங் போட்டால் தெரியாது.

கேஸ் வெல்டிங்கைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். ஆக்சி-அசிட்டிலின் கைவந்த பெரியவர் கிடைத்தால் சைலன்சர் கூம்பின் நீளத் தையலை அருமையாக ஒட்டித் தருவார். தையல் மென்மையாக இருக்கும், சூட்டோடு சுத்தியால் தட்டிச் சமன் செய்யலாம். சூடு பரவுவதால் தகடு கோணும் என்பதே குறை.

மிக் வெல்டிங், அதாவது துப்பாக்கி வழியே கம்பி தானாக ஓடிவருவது, பிராக்கெட்டுக்கும் அடியில் மறைந்த இடத்துக்கும் சரி. தையல் உயர்ந்து, கெட்டியாக நிற்கும், குரோம் போடும் இடத்துக்கு ஒத்துவராது. ஆர்க் ராடு எதற்கும் வேண்டாம்.

7. ஆளை எங்கே தேடுவது

எதிர்பாராத இடத்தில்தான் நல்ல ஆள் கிடைப்பார். ஓட்டல் சமையலறைக்கு ஸ்டெயின்லெஸ் மேசை, தொட்டி, ஸ்டீமர் செய்யும் பட்டறைகளில் முதலில் கேளுங்கள். 1 மி.மீ., 1.2 மி.மீ. தகட்டை நாள் முழுதும் ஆர்கானில் ஒட்டுபவர்கள் இவர்கள்தான். பால் பண்ணைக் குழாய், மருந்துத் தொழிற்சாலைக் குழாய் செய்பவர்களும் அப்படியே. பைக் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மெலிந்த தகடு தெரிந்தால் போதும்.

திருச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலையும், அதன் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருப்பதால், திருவெறும்பூர், துவாக்குடி சுற்றுவட்டாரத்தில் குழாய் ஒட்டப் பழகிய ஆட்கள் அதிகம். 6ஜி தேர்வு முடித்தவர் என்று சொல்வார்கள். 45 பாகை சாய்த்துப் பொருத்திய குழாயை அசைக்காமல் சுற்றி ஒட்டிக் காட்டும் சோதனை அது. அந்தச் சான்றிதழைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. பாய்லர் குழாயின் சுவர் உங்கள் பெண்ட் பைப்பைவிடப் பல மடங்கு தடிமன். அங்கே கை நிதானம் வரும், 1.2 மி.மீ. தகட்டின் பயம் வராது.

கோவையில் பம்ப், ஜவுளி இயந்திரப் பட்டறைகள், சென்னையில் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகள் தேட ஏற்ற இடங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடுவதோடு, அங்கே மெக்கானிக்குகள் தங்கள் சொந்த வேலையை யாரிடம் கொடுக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். இன்ஜின் கேஸ் ஒட்டும் அலுமினிய ஆர்கான் ஆட்களும் உண்டு. அவர்களிடம் மெஷின் நிச்சயம் இருக்கும், ஆனால் அலுமினியத்துக்கு ஏசி கரண்ட், இரும்புக்கு டிசி. இரும்பும் வழக்கமாக ஒட்டுவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குரோம் பிளேட்டிங் கடைக்காரரைக் கேட்பதுதான் என் கணிப்பில் சிறந்த வழி. யார் ஒட்டிய குழாய் பிளேட்டிங்கில் புள்ளி விழாமல் வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும். பலரும் அவரைக் கடைசியில்தான் போய்ப் பார்க்கிறார்கள்.

8. பேசிப் பாருங்கள், பிறகு துண்டு கொடுத்துப் பாருங்கள்

காயலான் கடையில் உங்கள் குழாயின் தடிமனிலேயே ஒரு பழைய சைலன்சர் குழாயை வாங்கி, 10 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகளாக வெட்டிச் சுத்தம் செய்து எடுத்துப் போங்கள். அசல் குழாயை முதல் நாளே கொடுக்காதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு, பதிலைவிடப் பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள்.

“அண்ணே, இந்த குரோமை என்ன பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். “இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு கிரைண்ட் பண்ணிட்டுத்தான்” என்று வந்தால் நல்லது. “அது பாட்டுக்கு எரிஞ்சுரும்” என்றால் கிளம்புங்கள். குரோம் பூச்சு சூடாகும்போது வரும் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் இருக்கும். பூச்சின் அடியில் நிக்கல், பலவற்றில் செம்பும் இருக்கும். செம்பு தையலுக்குள் போனால் விரியும். சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை எடுத்தாக வேண்டும்.

“என்ன கம்பி போடுவீங்க?” இரும்புக்கு ஈஆர் 70எஸ்-2 அல்லது 70எஸ்-6, 1.6 மி.மீ. ஸ்டெயின்லெஸுக்கு 308எல். ஸ்டெயின்லெஸையும் இரும்பையும் சேர்க்க 309எல். எண் சொல்லத் தெரியாவிட்டாலும் பெட்டியைக் காட்டினால் போதும். கட்டுக்கம்பியை அறுத்துப் போடுபவரிடம் வேண்டாம்.

“கரண்ட் எவ்வளவு?” 1.2 மி.மீ.க்கு 40 முதல் 55 ஆம்ப், 1.6 மி.மீ.க்கு 55 முதல் 70. நூறு என்றால் அவர் வேறு தடிமனை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு துண்டைக் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள், அதற்கும் கூலி கொடுங்கள். ஆறியதும் பாருங்கள்: தையல் 4, 5 மி.மீ. அகலத்தில் ஒரே சீராக ஓடியிருக்க வேண்டும். ஓரத்தில் தகடு அரித்துப் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது, ஊசித்துளை இருக்கக் கூடாது. உள்ளே விரலை விட்டால் லேசான மேடு தட்டுப்பட வேண்டும். மேடே இல்லை என்றால் மேலோடு ஒட்டியிருக்கிறது, சொட்டுச் சொட்டாகத் தொங்கினால் சூடு அதிகம். கடைசியாக வைஸில் வைத்து நசுக்குங்கள். தகடு மடங்கலாம், தையல் பிளக்கக் கூடாது.

சோதனையைக் கேட்டதும் கோபித்துக்கொள்பவர் இருப்பார். அவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள், இந்த வேலைக்கு அவசரம் ஒன்றுமில்லை.

9. வேலையைத் தெளிவாகப் பேசி முடியுங்கள்

கூலி சில இடத்தில் அங்குலக் கணக்கு, சில இடத்தில் வேலை மொத்தத்துக்கு. அங்குலக் கணக்கில் மளமளவென்று ஓட்டிவிடும் ஆசை வரும், ஆதலால் மொத்தமாகப் பேசுவதே மேல். வெட்டுவது, கிரைண்டிங், கசிவுச் சோதனை எல்லாம் அதற்குள் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுப்போடும் முறையையும் சொல்லிவிடுங்கள். மார்க்கர் வட்டத்தைத் தாண்டி, உயிருள்ள தகடு வரும்வரை வெட்ட வேண்டும். ஒட்டுத் துண்டின் மூலைகள் வட்டமாக இருக்கட்டும், கூர்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். துண்டு அதே தடிமனில், அதே வளைவில், வெட்டிய இடத்துக்குள் முட்டினாற்போல் உட்கார வேண்டும். மேலே போர்த்தி ஒட்டினால் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி மறுபடி துருப்பிடிக்கும். இதில்தான் வெல்டர்கள் குறுக்குவழி போவார்கள், போர்த்துவது சுலபம் என்பதால்.

விரிசல் என்றால் இரண்டு நுனியிலும் 2, 3 மி.மீ. துளை போட்டுவிட்டுத்தான் ஒட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியும் நுனியைவிட விரிசல் சற்று உள்ளே ஓடியிருக்கும், துளை அதற்கு அப்பால் விழ வேண்டும். பிராக்கெட் ஓரத்தில் விரிந்திருந்தால், ஒட்டிய பின் அங்கே ஓரம் வட்டமாக்கிய ஒரு துணைத்தகடு வைத்து பாரத்தைப் பரப்பச் சொல்லுங்கள்.

10. பட்டறையில் நிற்கும்போது

முடிந்தால் கூடவே இருங்கள். குறுக்கே பேசவேண்டாம், சில இடங்களில் மட்டும் நினைவூட்டினால் போதும்.

ஃபேன். நம் ஊர் வெயிலில் பட்டறையில் பெடஸ்டல் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்கான் வாயு தையலை மூடி நிற்கவேண்டும், நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர்தான் வருகிறது. காற்று அடித்தால் அது பறந்துவிடும், தையல் பஞ்சு போலத் துளைத்துப்போகும். பத்து நிமிடம் ஃபேனை நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள்.

சுற்றி நான்கு இடத்தில் எதிரெதிராக டேக் (குழாயைப் பிடித்து வைக்கும் பொட்டு ஒட்டு) வைத்துவிட்டு, போட்டிருந்த கீறல் கோடு இன்னும் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு 20, 25 மி.மீ. நீளம் ஒரு பக்கம், அடுத்து அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரே மூச்சில் சுற்றி ஓட்டினால் தையல் ஆறும்போது சுருங்கிக் குழாயை ஒரு பக்கம் இழுத்துவிடும். மேல் முனையில் சின்னக் கோணல் என்றாலும் வால் முனையில் பெரிய விலகலாகத் தெரியும்.

ஃபிளேஞ்சை (குழாய் முனையில் போல்ட் போடும் தட்டையான வளையம்) ஒட்டுவதென்றால் முதலில் தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முகம் வளைந்து, புது கேஸ்கெட்டிலும் கசியும். சைலன்சரின் இரண்டு முனையும் திறந்தே இருக்கட்டும். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி, கடைசித் துளையை மூடும் நேரத்தில் உருகிய இரும்பை வெளியே தள்ளும். ஸ்டெயின்லெஸ் என்றால் உட்புறத்திலும் ஆர்கான் விடவேண்டும். விடாவிட்டால் உள்பக்கம் கரகரப்பாகக் கருகிச் சீக்கிரம் விரியும். இரும்புக்கு அது தேவையில்லை.

கோணம் சரிபார்க்க வண்டியிலேயே வைத்து டேக் அடித்தாக வேண்டும் என்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். மூடினால் போதாது, கழற்ற வேண்டும். கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். பேட்டரி வயர் இரண்டையும் எடுங்கள், சிடிஐ (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இருந்தால் அதன் சாக்கெட்டையும் பிடுங்குங்கள். எர்த் கிளாம்ப் குழாயிலேயே, ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். ஃபிரேமில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதன் உருளைகளைப் பொரித்துவிடும். முழுத் தையலைக் கழற்றிக் கீழே வைத்துத்தான் போடவேண்டும்.

11. சோதித்து வாங்குங்கள்

கிரைண்டர் போடுவதற்கு முன் கசிவைப் பாருங்கள். ஒரு முனையை ரப்பர் அடைப்பானால் மூடி, மறுமுனையில் 3, 4 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்று விட்டு, தையல் மேல் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். டயருக்கு அடிப்பதுபோல் அடித்தால் அடைப்பான் தோட்டாபோலப் பறக்கும்.

துளை தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு ஒட்டவேண்டும், மேலே ஒரு சொட்டு வைப்பது நிற்காது. பிறகு கிரைண்டிங். தையலைத் தகட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் நிறுத்த வேண்டும். பளபளப்புக்காக இன்னும் தேய்த்தால் ஓரத்துத் தகடு 0.6, 0.7 மி.மீ.க்கு இறங்கி, வெளியே அழகாகவும் உள்ளே பலவீனமாகவும் ஆகிவிடும். சுத்தமாக ஒட்டிய குழாய்கூடக் கெடுவது இந்த இடத்தில்தான்.

12. குரோம் கடைசியில்

பிளேட்டிங்குக்கு அனுப்பும் முன் ஒருமுறை வண்டியில் மாட்டிப் பாருங்கள், எல்லா போல்ட்டும் நெம்பாமல் நுழையவேண்டும். குரோம் போட்ட பிறகு ஒரு பிராக்கெட்டை நகர்த்த நேர்ந்தால் செலவு முழுதும் மறுபடி.

பழைய குரோமை முழுதாக எடுத்துவிட்டுத்தான் புதிது போடவேண்டும், ஒட்டிய இடத்தில் மட்டும் போட்டால் எல்லைக்கோடு தெரியும். தையலில் ஊசித்துளை இருந்தால் பிளேட்டிங் அமிலம் அதற்குள் தங்கி, கொஞ்ச நாளில் பழுப்புப் புள்ளியாக வெளியே வழியும். அப்போது பிளேட்டிங் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை, குறை தையலில். குழாய் வந்ததும் உள்ளே நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிக் காய வையுங்கள்.

அசல் கருப்பாக வந்த குழாய் என்றால் 600 டிகிரி தாங்கும் பெயின்ட் போதும். அது சூட்டில்தான் இறுகும். டப்பாவில் சொன்ன இடைவெளிப்படி இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். முதல் நாளே நெடுந்தூரம் போனால் கொப்புளிக்கும்.

13. திரும்ப மாட்டும் வரிசை

புது கேஸ்கெட், புது ரப்பர் புஷ். முதலில் எல்லா நட்டையும் விரலால் மட்டும் போடுங்கள். பிறகு ஹெட் பக்கத்தை இறுக்கி, அடுத்து குழாயும் சைலன்சரும் சேரும் கிளாம்ப், கடைசியில் ஃபிரேம் பிராக்கெட். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் இழுபட்டு நிற்கும், ஒட்டிய இடம்தான் அந்த இழுவையைத் தாங்கும். பிராக்கெட்டும் துளையும் பொருந்தவில்லை என்றால் வாஷர் வையுங்கள், நெம்பாதீர்கள்.

கழற்றிய பேஃபிளை மறக்காமல் போடுங்கள். சத்தத்துக்காக அதை வெளியே விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் அபராதம். இரண்டு ஸ்ட்ரோக்கில் பவரும் குறையும்.

முதல் ஓட்டம் பத்து நிமிடம். ஆறியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள், கேஸ்கெட் அமுங்கியிருக்கும். 100 கி.மீ. ஆனதும் தையல் ஓரத்தில் கரிக்கோடு தெரிகிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். புதுக் குரோம் ஹெட் பக்கத்தில் ஆழமான நீலமாக மாறினால் வெல்டரைத் திட்டவேண்டாம். கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கும், அல்லது இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கும். கார்புரேட்டர் ஜெட்டையும் பாயின்ட் செட்டிங்கையும் பாருங்கள்.